மாடியில் நான்காவது புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குச் சிக்கனம் என்று பட்டப்பெயர். சிக்கனமெல்லாம் எடையில்தான். ஒரு திருகாணி அதிகம் என்று பட்டுவிட்டால் போதும், அதைக் கழற்றாமல் டீ குடிக்க எழுந்திருக்க மாட்டாள்.

மேகம் மூடியிருந்தாலும் தரையைப் படம் பிடிக்கும் ரேடார் முன்பெல்லாம் பீரோ அளவு இருந்தது. அதைச் செருப்புப் பெட்டி அளவுக்குச் சுருக்கி, நிலம் அளக்கும் குட்டி விமானத்தின் வயிற்றில் ஒளித்துவைக்க வேண்டும். கீழே நிற்பவர்களுக்குத் துளியும் சந்தேகம் வரக்கூடாது. பதினோரு வருடம் இதோடுதான் மல்லுக்கட்டினாள். வீட்டில் மூச்சு விடவில்லை. தையல் கடைக்காரரான கணவர் கேட்டால் ரேடியோ ரிப்பேர் என்று மழுப்புவாள். அவரும் துருவ மாட்டார்.

கடைசிச் சோதனை வந்தது. திடலில் மூன்று தகர மூலைகளை வைத்தார்கள். மூன்று தகடுகளை அறையின் மூலைபோலச் சேர்த்த சாமான் அது. ரேடார் படத்தில் பளிச்சென்று புள்ளியாக விழும். மூன்று புள்ளிகள் மட்டும் விழுந்தால் பெட்டி தேறிவிடும். விழுந்ததோ நான்கு. திடலைத் தாண்டி, வீடுகளுக்கு நடுவே ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இல்லாததைக் காட்டும் பெட்டி எதற்கு, மூட்டை கட்டிவிடலாம் என்றார் மேலதிகாரி.

படத்தைப் பெரிதாக்கித் தெருக்களை எண்ணினாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்றாவது தெரு, திருப்பத்தில் இரண்டாவது வீடு. சாட்சாத் அவள் வீட்டு மாடி. ஓரம் நசுங்கிவிட்டதென்று கழித்த தகர மூலையை, வீணாகப் போகிறதே என்று அனுமதிச் சீட்டு வாங்கி வீட்டுக்குச் சுமந்தவள் அவளேதான். கணவர் அதை மாடியில் பூனைக்குப் படுக்கையாகப் போட்டிருந்தார்.

மேலதிகாரியிடம் அசடு வழிய ஒப்புக்கொண்டு, இன்னொரு சுற்றுப் பறக்கக் கெஞ்சி அனுமதி வாங்கினாள். பிறகு கணவருக்குப் போன் போட்டாள்.

"மாடியில பூனைக்குப் போட்டிருக்கீங்களே, அந்தத் தகரத்தைக் குப்புறக் கவுத்துடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. விமானம் மறுபடி பறந்தது. மூன்றே புள்ளிகள். மேலதிகாரி கை குலுக்கினார். பதினோரு வருடப் பாரம் இறங்கியதில் அவள் கழிவறைக்குள் போய் நிம்மதியாக அழுதாள்.

சாயங்காலம் பட்டன் தைத்துக்கொண்டே கணவர் பேச்சை எடுத்தார். நிலம் அளக்கிற விமானம் ஒன்று தலைக்கு மேல் போனதாம். கொஞ்ச நேரத்தில் அவள் போன் வந்ததாம். தகரத்தைக் கவிழ்த்த பிறகு அதே விமானம் அதே வழியாகத் திரும்ப வந்ததாம். யாருக்கும் தெரியக்கூடாததை, துணி வெட்டுகிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார் மனுஷன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். "ரெண்டாவது தடவை வந்தப்போ நின்னு கையாட்டினேன். உனக்குத் தெரிஞ்சேனா?"

அந்தப் படத்தில் தகரம் தெரியும், சுவர் தெரியும். கையாட்டும் மனிதர் விழவே மாட்டார். அவர் ஊசியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லாத் தெரிஞ்சீங்க," என்றாள்.

பதினோரு வருடத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் அவள் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் பொய்.