அக்கா போரை நிறுத்தப் போன வெள்ளிக்கிழமை

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில், அரசியல் கதைத்து அப்பாவை வென்றவர் என்று ஒருவரும் இல்லை. பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் அதிகாலை வேலை முடித்து வந்து, குளித்து, தேநீரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும் அப்பாவுக்கு உலகத்தில் நடந்த எல்லாச் சண்டைகளைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் ஊர்க்கார அண்ணைமார் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அவரோடு மோதிப் பார்ப்பார்கள். சாப்பாட்டுக்கு மரியாதையாகத்தான் அவர்கள் தோற்கிறார்கள் என்று அம்மா சொல்வார். அக்கா மட்டும்தான் அந்த மரியாதையைப் பார்க்காமல் மோதினாள்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் படிக்கும் ஜிம்னாசியம் என்ற மேல்நிலைப் பாடசாலையில் படித்தாள். ஆரம்பப் பாடசாலை முடியும்போது, வீட்டில் ஜேர்மன் பேசாத பிள்ளைக்கு அந்தப் படிப்பு பாரம் என்று சொல்லி, அவளைக் கீழ்ப்படிப் பாடசாலைக்கு அனுப்பத்தான் ஆசிரியை எழுதிக் கொடுத்தாராம். அப்பா தன்னிடமிருந்த கொஞ்ச ஜேர்மனை எடுத்துக்கொண்டு பாடசாலை அதிபரின் அறைக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. அதிலிருந்து அக்கா எந்தப் போட்டியையும் விட்டதில்லை. எதையும் நெற்றியைச் சுருக்கிக் கேட்பாள், பிறகு மெதுவாக மறுமொழி சொல்வாள். என் வகுப்புத் தோழிகளுக்குப் பாட்டுக்காரிகளைப் பிடித்திருந்தது. எனக்கு அக்காவைப் பிடித்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவள் பாடசாலையின் விவாதப் போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்தாள். அதில் வெல்பவர்கள் டுசல்டோர்ஃபில் நடக்கும் மாநிலச் சுற்றுக்குப் போகலாம். தலைப்பு, அமெரிக்க ஜனாதிபதியைக் குற்றப் பிரேரணை கொண்டுவந்து நீக்கினால் ஈராக் போர் முடியுமா என்பது. சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கும் அவளுடைய துருக்கித் தோழிக்கும் ‘முடியும்’ என்ற பக்கம் விழுந்தது.

குற்றப் பிரேரணை என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். ஆரம்பப் பாடசாலையின் கடைசி வகுப்பில் இருந்த எனக்கு விளங்குகிற மாதிரி அவர் சொன்னார்.

“அது பிள்ளை, ஜனாதிபதியை வேலையால நிப்பாட்டுறது.”

வேலையால் நிறுத்துவது எனக்குத் தெரியும். அதற்கு ஜேர்மனில் ‘குண்டிகுங்’ என்று ஏறக்குறைய ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அந்தச் சொல் போட்ட கடிதம் வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஆகவே ஒரு ஜனாதிபதிக்கும் அப்படி ஒரு கடிதம் போகலாம் என்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாக இருந்தது.

அந்த வருடம்தான் எங்கள் நாட்டிலும் சமாதானம் முறிந்து மறுபடி சண்டை மூண்டிருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யாழ்ப்பாணத்தில் இருந்தார். வெளியே போகும் தரைப்பாதை பூட்டியாயிற்று, அரிசிக்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை. மாலையில் ஜேர்மன் செய்தியில் ஈராக்கின் புகையும், பிறகு தமிழ்ச் செய்தியில் எங்கள் ஊரின் புகையும் ஒரே திரையில் வரும். இரண்டு புகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உலகத்தில் ஒரே ஒரு போர்தான் நடக்கிறது, அதை நடத்துகிறவர் ஒருவர்தான், அவரை வேலையால் நிறுத்தத்தான் எங்கள் அக்கா போகிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். அக்காவால் அது முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மாமாவோடு தொலைபேசியில் பேசும்போது இதை அவரிடமும் சொன்னேன்.

“மாமா, சண்டை வாற வெள்ளிக்கிழமை முடியும். அக்கா முடிக்கப் போறா.”

அந்தப் பக்கத்து இரைச்சலுக்குள்ளே மாமா சிரித்தார்.

“காலமையோ பின்னேரமோ எண்டு அக்காட்டைக் கேட்டுச் சொல்லு குஞ்சு. காலமை எண்டால் நான் அண்டைக்கு அரிசிக்கு லைனிலை நிக்காமல் விடலாம்.”

காலையில்தான் என்றேன். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

பயிற்சி வரவேற்பறையில் நடந்தது. அப்பா எதிர்க்கட்சி. வேலைக் களைப்போடு சாய்ந்திருக்கும் மனிதர், அக்கா குறிப்புத் தாள்களைப் பரப்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

“சரி, ஆளை நீக்கியாச்சு. அடுத்த நாள் கதிரையிலை ஆர் இருக்கிறது?”

“துணை ஜனாதிபதி.”

“அவர் ஆற்றை ஆள்?”

“அதே கட்சி, அதே ஆக்கள்.”

“அப்ப என்ன மாறினது?”

“அவருக்குப் பயம் வரும் அப்பா. தனக்கும் இது நடக்குமெண்டு தெரியும்.”

“பயந்தவன் இன்னும் கனக்க ஆமியை அனுப்புவான், பிள்ளை. எங்களுக்குத் தெரியாததோ?”

அக்கா விடவில்லை. ஜனாதிபதியை நீக்கும் அளவுக்கு வாக்குச் சேர்த்த சபை, போருக்குக் காசு கொடுப்பதையும் நிறுத்திவிடும் என்றாள். அவ்வளவு வாக்கு இருந்தால் நேரே காசை நிறுத்தலாமே, ஆளை எதற்கு நீக்குவது என்று அப்பா கேட்டார். அக்கா நெற்றியைச் சுருக்கினாள். அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தோடு வந்தாள். வியட்நாம் காலத்தில் ஓர் அமெரிக்க ஜனாதிபதி, தன்னை நீக்கிவிடுவார்கள் என்று தெரிந்ததும் தானே விலகிக்கொண்டார். அடுத்த வருடமே அந்தப் போர் முடிந்தது. இதை அவள் சொன்னபோது அப்பா தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அமெரிக்க ஆமி அதுக்கு முதலே வெளிக்கிட்டிட்டுது. சண்டை முடிஞ்சது மற்றப் பக்கம் வெண்டதாலை. அவர் போனதாலை இல்லை.”

“எனக்கும் தெரியும் அப்பா. ஆனால் எதிர்ப்பக்கப் பொடியளுக்கு அது தெரியாட்டில்?”

“தெரியாட்டில் நீ வெண்டாய்,” என்றார் அப்பா. அவருடைய குரலில் இருந்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை. தன்னைப் போலவே ஒருத்தி வளர்ந்துவிட்டாள் என்ற பெருமை அது.

வெள்ளிக்கிழமை காலை அப்பா விடுப்பு எடுத்தார். என்னையும் ஆசிரியையிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாடசாலையின் பெரிய மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா முன்வரிசையில் இடம் பிடித்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்வதால் அம்மாவின் ஜேர்மன் அப்பாவுடையதைவிட நல்லது. எனக்கு அப்பாவின் காதில் மொழிபெயர்க்கும் வேலை.

மேடையில் இந்தப் பக்கம் அக்காவும் தோழியும், அந்தப் பக்கம் இரண்டு பையன்கள். அக்கா அன்று பேசியதை நான் பெரியவளானபின் எத்தனையோ பேர் பேசியதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை. குரலை உயர்த்தவில்லை. எதிர்ப்பக்கம் சொன்னதை அவர்களைவிட அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தாள். கதிரையில் யார் இருப்பார் என்று அந்தப் பையன்கள் கேட்டார்கள். அப்பாவிடம் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து அவளுக்கு மறுமொழி தயாராக இருந்தது. காசை நேரே நிறுத்தலாமே என்றார்கள். நிறுத்தலாம், ஆனால் போரைத் தொடங்கியவன் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அடுத்தவன் இன்னொன்றைத் தொடங்குவான் என்றாள். மண்டபம் பாராட்டாக மேசைகளைத் தட்டியது. அப்பா என் முழங்கையை அழுத்தி, “என்ன சொன்னவள், என்ன சொன்னவள்?” என்று கேட்டார்.

அப்போது எதிர்ப்பக்கத்து உயரமான பையன், மரியாதையாகவே, ஒரு கேள்வி கேட்டான். தலைவர் ஒருவரை நீக்கியதால் முடிந்த போர் ஒன்றைச் சொல்ல முடியுமா?

அப்பா நிமிர்ந்தார். வியட்நாம் வரப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தோழி அக்காவின் பக்கம் திரும்பினாள். அக்கா வாயைத் திறந்தாள். கண் முன்வரிசைக்குப் போனது. வாயை மூடினாள்.

“இல்லை,” என்றாள் பிறகு. “எனக்கு அப்படி ஒன்று தெரியாது. என் பெற்றோரின் நாட்டில் ஒவ்வொரு தலைவரும் சமாதானம் என்று சொல்லித்தான் வந்தார்கள். நான் பிறக்க முன் தொடங்கிய சண்டை இன்னும் நடக்கிறது. என் மாமா அதற்குள் இருக்கிறார். தலைவர் மாறினால் அது முடியும் என்று நான் சொன்னால், அது எனக்கே நம்பிக்கை இல்லாத கதை. அப்படியிருந்தும் நீக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். செய்தவர் பதில் சொல்லவேண்டும், அதற்காக. போர் முடியும் என்பதற்காக இல்லை.”

அப்பா என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?”

“முடியாதாம்.”

“எது முடியாதாம்?”

“சண்டை, அப்பா. மாமான்ரை சண்டையும் முடியாதாம்.”

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நடுவர்கள் அக்காவின் பேச்சைப் புகழ்ந்தார்கள். தனக்கு விழுந்த பக்கத்தை அவள் கைவிட்டுவிட்டாள் என்பதையும் சொன்னார்கள். பையன்கள் வென்றார்கள். துருக்கித் தோழி அழுதுகொண்டே வெளியே போனாள்; பிறகு பல நாட்கள் அக்காவோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். நானும் அழுதேன். என் கவலை டுசல்டோர்ஃப் இல்லை. மாமா அரிசி வரிசைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுவாரே என்பதுதான்.

திரும்பும்போது ட்ராமில் அப்பா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்தப் பொடியன்ரை கேள்விக்கு உன்னட்டை மறுமொழி இருந்தது.”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“அம்மா முன்னுக்கு இருந்தவ,” என்றாள் அக்கா. “நான் முடியும் முடியுமெண்டு சொல்லச் சொல்ல அவ தலையாட்டிக்கொண்டிருந்தவ. அவவைப் பாத்துக்கொண்டு அதைச் சொல்ல ஏலாமல் போச்சு.”

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அக்காவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இறங்கும் இடம் வரும்வரை விடவில்லை.

அந்த அமெரிக்க ஜனாதிபதியை யாரும் நீக்கவில்லை. தன் காலம் முழுவதும் இருந்துவிட்டுத்தான் போனார். அவர் போனபின்பும் ஈராக்கில் சண்டை நடந்தது. எங்கள் நாட்டுப் போர் மற்றப் பக்கம் வென்றதால் முடிந்தது. அது முடிந்த விதத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை. மாமா உயிரோடு தப்பினார். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக அக்கா சட்டம் படிக்காமல் பல் வைத்தியரானாள். தன் முன்னால் வாய் திறப்பவர்கள் யாரும் மறுத்துப் பேசுவதில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கு அடுத்த வாரம் நடந்தது. சனிக்கிழமை அப்பா எங்களை பக்கத்து நகரமான எசனில் ஒரு பெரிய தளபாடக் கடைக்குக் கூட்டிப் போனார். எங்கள் வீட்டில் அதுவரை சமையலுக்கென்று ஒழுங்கான குசினி இருக்கவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு அலுமாரி, இரண்டு பழைய மேசைகள், தனியே நிற்கும் அடுப்பு, அவ்வளவுதான். சுவரோடு பொருத்துகிற குசினி வேண்டுமென்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா சொல்வது ஒன்றுதான்: “அடுத்த வருசம் ஊருக்குப் போகேக்கை அதைக் கழட்டிக்கொண்டோ போறது?” அம்மா அதற்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த அடுத்த வருடத்தை அப்பாவைவிட அவர்தான் அதிகம் நம்பினார்.

அன்று அப்பா குசினிச் சுவரை அளந்து கொண்டுவந்திருந்தார். மேற்பலகையைத் தட்டிப் பார்த்தார், கதவுகளை இழுத்துப் பார்த்தார். விற்பனைக்காரரிடம் தன் ஜேர்மனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: இது கனகாலம் தாங்குமா? சுவரில் பூட்டினால் பிறகு அசையாதே? தாங்கும், அசையாது என்று அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போட்டியில் தோற்ற அக்காவுக்கு அப்பா வாங்கிக் கொடுக்கும் ஆறுதல் பரிசு இது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அதில் பங்கு உண்டென்று, சத்தமில்லாமல் தானாக மூடிக்கொள்ளும் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து விட்டுப் பார்த்தேன். திரும்பியபோது அம்மா காட்சிக்கு வைத்திருந்த ஒரு வெள்ளை அலுமாரியின் கதவைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தார். அப்பா அவருக்கு முன்னால், கடைக்காரர் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா ஏன் அழுகிறார் என்று அக்காவிடம் கேட்டேன்.

“குசினி நல்ல வடிவா இருக்கு,” என்றாள் அக்கா. “அதுதான்.”

எனக்கும் அது மிகவும் வடிவாகத்தான் தெரிந்தது. எந்த நிறக் கைப்பிடி வேண்டுமென்று அம்மாவிடம் கேட்க ஓடினேன்.