இலாகா மாட்டிய மணி

எங்கள் கூடத்துச் சுவரில் இலாகாக்காரர்கள் ஒரு மின்சார மணியை மாட்டிவிட்டுப் போன அன்று, அதை எனக்குக் கிடைத்த கௌரவம் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், சந்தனம் குங்குமம்கூட வைத்தேன். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீதியில் வேறு யார் வீட்டிலும் சர்க்கார் மணி கிடையாது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் புதிதாக நாய்க்குட்டி வாங்கியவன் மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் நாய்க்குட்டி யார் என்பது பிறகுதான் விளங்கியது.

மூன்று தெரு தள்ளி இருந்த சப்ஸ்டேஷனில் நான் மெக்கானிக். வேலை நேரம் முடிந்தபின் எங்காவது கம்பி அறுந்தால் அங்கே பொத்தானை அழுத்துவார்கள். இங்கே மணி அலறும். நான் ஓட வேண்டும். ஒரு வாரம் என் முறை, மறு வாரம் என் கூட்டாளியின் முறை. அவன் வீட்டிலும் ஒரு மணி உண்டு. கம்பியைக் கட்டிய நேரத்துக்கு ஏதோ கொடுத்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு வீட்டோடு கட்டுண்டு கிடந்த நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. கோயில், கடைவீதி, மார்க்கெட் எதுவும் அந்த வாரத்தில் ஆகாது.

வீட்டுக்குள்ளேயாவது நிம்மதி உண்டா? ஒருநாள் மணிச் சத்தம் கேட்டுத் தலை நிறையச் சீயக்காயோடு ஈர வேஷ்டியில் வாசல்வரை பாய்ந்துவிட்டேன்.

"ஏன்னா, எங்கே ஓடறேள்? பக்கத்தாத்து மாமி தீபாராதனை காட்டறா. போய்ச் சேவிச்சுட்டு வாங்கோ, அப்படியே குளிச்ச பலனும் கிடைக்கும்" என்றாள் என் மனைவி.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த கூட்டாளிதான் யோசனையும் சொன்னான். "காத்திண்டிருக்கறதும் வேலைதானே அண்ணா? அதுக்கு ஒரு படி கேட்டு மனு எழுதுங்கோ. நானும் கையெழுத்துப் போடறேன்." எழுதினேன். போட்டான். கூடப்பிறந்த தம்பிகூட இப்படி நின்றிருக்க மாட்டான் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

மனு மேலே போயிருந்த சமயத்தில் என் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அது கூட்டாளியின் வாரம். ஆனாலும் கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். "ஒரு பந்திதானே அண்ணா, அதுக்குள்ள பெங்களூர் இருண்டுடுமா?" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மாலை மாற்றலுக்குத் தாய்மாமன் பெண்ணைத் தோளில் தூக்குவது எங்கள் வழக்கம். தூக்கினேன். எதிரே மாப்பிள்ளையும் அவருடைய மாமன் தோளில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் எவனோ சைக்கிள் மணியை அடித்தான். என் புத்தி மணையிலேயே உட்கார்ந்துவிட்டது, கால்கள் கிளம்பிவிட்டன. பெண்ணோடு, மாலையோடு, பந்தலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

"மாமா! மாப்பிள்ளை அந்தப் பக்கம் இருக்கார்!" என்று தலைக்கு மேலிருந்து கத்தல் கேட்டபிறகுதான் நின்றேன். பின்னால் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் துரத்தி வந்திருந்தார். சம்பந்தி வீட்டார் இன்றுவரை என்னைப் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, மனுவை விசாரிக்க ஓவர்சியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும்.

"சும்னே வீட்ல உக்காந்ததுக்குக் கூலியா ஸ்வாமி?"

"உக்காரத்தான் முடியலை சார். காது எப்பவும் மணியிலேயே இருக்கு. வெளியே கால் வைக்க முடியலை" என்றேன்.

"ஹௌதா, அப்படியா? கல்யாணத்துல பொண்ணைத் தூக்கிண்டு ரோட்ல ஓடினீங்களாமே! வீட்டோட கட்டிப்போட்ட ஆள் அங்கே எப்படி வந்தீங்க?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பதில் அவ்வளவு சுலபம். "அது என் வாரம் இல்லை சார். இதோ, இவனையே கேளுங்கோ."

ஓவர்சியர் அவன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு யார் முறை?"

பெண்ணைத் தூக்கிய என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று கைதட்டியவன், இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கியவன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தன் முறை என்றால், தன் வீட்டு மணியை விட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தது வெளிவரும். அதை நான் சொல்லப்போவதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணாவோட வாரம் சார்" என்றான்.

நான் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டேன், ஓவர்சியர் அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மனு தள்ளுபடியானது. அடுத்த மாதம் கூட்டாளி ஹெட் மெக்கானிக் ஆனான். ஹெட் மெக்கானிக்குக்கு முறை கிடையாது என்று அவன் வீட்டு மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் எல்லா வாரமும் என் முறை. படி கடைசிவரை வரவில்லை.