அம்மா தனித் தட்டை விட்ட நாள்

பிள்ளைகளே, உங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர் உறவினர் கைக்கும் போகும். ஆனாலும் உங்களுக்காகவே எழுதுகிறேன். “கடைசியில மட்டும் அம்மா ஏம்பா என்னை மடியில போட்டுக்கினாங்க?” என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அம்மா பிறந்தது ஓரிக்கையில். காஞ்சிபுரத்தில் நம் தறி வீட்டுக்கு வாழ வந்தவர். அறுந்த பட்டு இழையை அவர் பிணைத்தால் முடிச்சு தெரியாது. சின்னவள் பிறந்த பிறகு அவருக்குக் காசநோய் கண்டது. ஊசியும் மாத்திரையுமாக நெடுநாள் வைத்தியம். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் தெருவுக்கு அது போதவில்லை. விடியலில் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்து, விறைப்பேறக் கஞ்சி போடும்போது அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவரும் தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டார். நீங்கள் கிட்டே போனால், “அங்கியே நில்லுமா” என்பார்.

சில ஆண்டுகளில் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தன. பழைய நோய்தான் திரும்பியது என்று எல்லோரும் நம்பினோம். எதிர் வீட்டு அத்தை மட்டும் வாசல் தாண்டி வருவார். கிறுகிறுப்பு நிற்க உப்புக் கஞ்சி கொண்டுவருவார்.

“இன்னும் ரெண்டு கல்லு உப்பு போடு அத்தை. கஞ்சி குடிச்ச பாவு வெறைப்பா நிக்குதில்ல, நானும் நிப்பேன்” என்று அம்மா சிரிப்பார்.

“நின்னுக்கினு என்னா பண்ணப் போற? புள்ளைய ஒரு வாட்டி தூக்கு!”

“டி.பி. வந்த நெஞ்சு. வேணாம் அத்தை.”

ஒருநாள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கையில் பட்டை கட்டியும் பார்த்தார்கள்.

“நெஞ்சு சுத்தமா இருக்குதும்மா. இது ரத்தக் கொதிப்பு. உப்பை விட்டுடு” என்றார் டாக்டர்.

“டி.பி.யால வந்ததா டாக்டர்?”

“இருக்கலாம். அந்தக் கிருமி கிட்னியைக் கெடுத்திருந்தா கொதிப்பு ஏறும். உனக்கு அப்படித்தான்னு உறுதியா சொல்ல முடியல.”

அம்மா அதற்குமேல் கேட்டது ஒன்றுதான். “இது புள்ளைங்களுக்கு ஒட்டுமா?”

“ஒட்டாது.”

அன்று வீட்டுக்கு வந்ததும் தன் தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி அடுக்கினார். சின்னவளை மடியில் போட்டு ஊட்டினார். அந்தச் சுகம் அதிக நாள் வாய்க்கவில்லை. பக்கவாதம் வந்து படுத்தவர் எழவேயில்லை.

பிள்ளைகளே, தலை சுற்றினால் நீங்களாக ஒரு நோயை முடிவு கட்டாதீர்கள். ரத்தக் கொதிப்பு பாருங்கள். குணமானவரை ஒதுக்காதீர்கள்.

ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், கடைசி வரை வாசல் தாண்டி வந்த அத்தைக்கும், அம்மாவின் இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த தெருவாருக்கும் கை கூப்புகிறேன்.

நீங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அம்மாவின் தட்டில் நான் சாப்பிடலாம் என்று தேடுகிறேன். எல்லாத் தட்டுகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. எது அவருடையது என்று தெரியவில்லை.