கட்டிலில் நின்று பார்த்தவன்

ஊரில் பாதிப் பேருடைய கட்டிலில் ஏறி நின்றவன் அவன். தப்பாக நினைக்க வேண்டாம், ஏசி மெக்கானிக். படுக்கையறை ஏசியைக் கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அதைக் கழுவ வருகிறவன் எங்கே நிற்பான் என்று மாட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. ஏணியை விரிக்க இடம் இருக்காது. பையிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து மெத்தைமேல் விரித்து, "ஏறிக்கட்டுமாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறிவிடுவான்.

கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. அண்ணாந்து பார்த்துப் பார்த்து முதுகும் கழுத்தும் அந்த வடிவத்துக்கு வந்துவிட்டன என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவன் வாய். ஃபில்டரைக் கழற்றிக்கொண்டே, "கட்டில் வாங்கி எத்தனை வருஷமாச்சுங்க? புரண்டு படுத்தா சத்தம் வருதா? அடியில என்ன வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்துவிடுவான். வேறு யாராவது கேட்டால் அடிக்க வருவார்கள். இவன் கேட்டால் பதில் சொன்னார்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

அப்படிச் சேர்ந்த அறிவு கொஞ்சநஞ்சமல்ல. தலைமாட்டில் பஞ்சு வைத்துத் தைத்த கட்டில் பார்க்க ராஜகளையாக இருக்கும், ஆறே மாதத்தில் இரண்டு தலை அளவுக்கு எண்ணெய்க் கறை விழுந்துவிடும். கால் இல்லாமல் தரையோடு தரையாக இருக்கும் கட்டில் அழகுதான், ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும். இரும்புக் கட்டில் ரகசியம் காக்காது. மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்கிற பெட்டிக் கட்டிலில் ஒரு தடவை வைத்த பொருளை அடுத்து எடுப்பது வீடு மாறும்போதுதான். ஒரு வக்கீல் வீட்டில் அறையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டில் கிடந்தது, புருஷனும் பெண்டாட்டியும் அதன் பக்கத்தில் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள். ஏன் என்று இவன் கேட்காமல் விடுவானா? "அதுல படுத்தா ஒருத்தரை ஒருத்தர் தேட வேண்டியிருக்குப்பா" என்றார் வக்கீல். அந்தப் பதிலை இவன் பத்து வீட்டில் சொல்லிச் சிரித்தான்.

இத்தனை தெரிந்தவன் வீட்டில் கட்டில் கிடையாது. ஒற்றை அறை வாடகை வீடு. கட்டில் போட்டால் ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தரையில்தான் படுக்கை. சுவரோரம் மனைவி, நடுவில் மகள், கதவுப் பக்கம் இவன். மகள் வளர்ந்து நர்சிங் படிக்க விடுதிக்குப் போன பிறகும் யாரும் இடம் மாறவில்லை. நடு இடத்தில் மடித்த துணிகளும் இஸ்திரிப் பெட்டியும் வந்து படுத்துக்கொண்டன.

இப்போது சொந்தமாக ஒரு அடுக்குமாடி வீடு. மூன்றாவது மாடி, அடுத்த மாதம் குடிபோக வேண்டும். படுக்கையறை என்று தனியாக ஒரு அறை, அதற்கு ஒரு கதவு. கேள்விக்குறிக்கு வேறு எதிலும் பிடிவாதம் இல்லை. சமையலறைக்கு எந்தக் கல், குளியலறைக்கு எந்த நிறம் எல்லாம் மற்றவர்கள் பாடு. கட்டில் மட்டும் அவன் பாடு. அதைப் பார்த்து மனைவி வாயால் "நல்லாருக்கு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதுதான் கஷ்டமும். அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிற உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் அவள் வாய் திறப்பது அபூர்வம். என்ன கேட்டாலும் "உங்க இஷ்டம்." ஊரையே குடைந்து விஷயத்தை வாங்கிவிடுகிறவன் அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் தோற்றுப்போவான். தோற்றால் பரவாயில்லை, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவான். அங்கேதான் அவன் மேல் எனக்குக் கோபம்.

ஒரு நாள் சாயங்காலம் புது வீட்டுக்கு அவளை அழைத்துப்போய், படுக்கையறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினான். ஆறடி அகலம். அலமாரிக் கதவு திறக்கவும் ஆள் நடக்கவும் இடம் விட்டால், அவ்வளவு பெரிய கட்டில் மூலையில்தான் உட்காரும். ஒரு பக்கம் முழுக்கச் சுவர்.

"நீ அந்தப் பக்கம். எப்பவும் போல சுவரோரம். ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்காது. எப்படி?"

அவள் கோட்டைச் சுற்றி நடந்தாள். சுவர் வந்ததும் நின்றாள். சுவரை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றாள். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையில் அவனுக்கு ஏதோ இடித்தது. கட்டில் பிடிக்கவில்லையா, அறை பிடிக்கவில்லையா, இல்லை தன்னோடு ஒரே கட்டிலில் படுக்கப் பிடிக்கவில்லையா? அந்த வாரம் பூராவும் எந்த வீட்டிலும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று வீட்டுக்காரர்கள் அவனைக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். மாடி முழுக்கக் கட்டில்கள். விற்பனைப் பெண் சின்னவள், கெட்டிக்காரி. ஆறடிக் கட்டில் ஒன்றைக் காட்டி, "நல்லா செக் பண்ணிக்கங்க சார்" என்றாள். கேள்விக்குறி செருப்பைக் கழற்றினான், கட்டில்மேல் ஏறினான், நடுவில் நின்று குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டி, கையை உயர்த்தி மேலே ஏசி எட்டுமா என்று பார்த்தான்.

"சார், சார், படுத்துப் பாக்கணும் சார். நிக்கிறதுக்கு இல்ல இது."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்து அவன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அசடு வழிய இறங்கினான்.

"அக்கா எந்தப் பக்கம் படுப்பாங்க?" என்று பெண் கேட்டாள். "அந்தப் பக்கத் தலைமாட்டுலதான் விளக்கு ஸ்விட்ச் வச்சுத் தருவோம்."

"சுவத்துப் பக்கம்" என்றான் கேள்விக்குறி.

"வேணாம்" என்றாள் மனைவி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, கல்யாணம் ஆனதுலேருந்து அங்கதானே படுக்கிற?"

"படுத்தேன். பிடிச்சுப் படுக்கல."

விற்பனைப் பெண்ணுக்கு எப்போது நகர வேண்டும் என்று தெரிந்திருந்தது. தலையணை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெளிய பாத்ரூம் போகணும்னா உங்களைத் தாண்டித்தான் போகணும், பாப்பா இருந்தப்ப அவளையும். நீங்க படுத்திருக்கிறது கதவை அடைச்சு. நீங்க எழுந்திரிக்காம கதவே திறக்காது. காலையில நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுத்திருப்பேன். அதுக்குத்தான் பொழுது சாஞ்சா தண்ணி குடிக்க மாட்டேன்."

அவள் அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து துடித்ததும், டாக்டரிடம் கூட்டிப்போனதும், "தண்ணி குடிக்கிறதே இல்ல, நீ ஒரு டாக்டர்கிட்ட வேலை பாக்குறவளா?" என்று எல்லார் எதிரிலும் அவன் திட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. முகம் சுருங்கிப்போயிற்று. ஊரார் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தவன், தன் பக்கத்தில் படுத்திருந்தவளைப் பார்க்கவில்லை.

"ஒரு தட்டு தட்டி எழுப்பியிருக்கலாமே."

"நீங்க எந்நேரமும் மாடி விளிம்புல நின்னுக்கிட்டு ஏசியோட வெளிப் பெட்டியை மாட்டுறீங்க. தூக்கம் கெட்டுப்போய் நின்னா என்ன ஆகும்?"

"சொல்லவாவது செஞ்சிருக்கலாம்ல."

"சொன்னா நான் எப்ப எழுந்திரிப்பேன்னு நீங்க முழிச்சிக்கிட்டே படுத்திருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே என்று இருந்தது. அவமானமாக இருந்தது. அவள்மேல் ஆசையாகவும் இருந்தது. தலையணையோடு வந்த பெண்ணிடம், "ஆறடி வேணாம்மா. அஞ்சடிதான். ரெண்டு பக்கமும் வழி இருக்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக் கடைக்காரர்களே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மனைவிதான் யோசனை சொன்னாள்.

"நீங்க படுத்துக் கண்ணை மூடிக்கங்க. நான் அந்தப் பக்கம் படுத்துட்டு எழுந்திரிக்கிறேன். உங்களுக்குத் தெரியுதான்னு சொல்லுங்க."

ஸ்ப்ரிங் மெத்தை போட்ட கட்டிலில் அவள் எழுந்ததும் இவன் ஒரு சாண் தூக்கிப் போடப்பட்டான். "தெரிஞ்சுது" என்றான். பெட்டிக் கட்டில் எழும்போது முனகியது. "தெரிஞ்சுது." இரும்புக் கட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் அவள் விதவிதமாக எழுந்து பார்த்தாள். கையை ஊன்றி, ஊன்றாமல், முதலில் ஒரு காலை இறக்கி, இரண்டு காலையும் சேர்த்து இறக்கி. கால் எவ்வளவு உயரம், மெத்தை எதில் செய்தது, பலகை ஒன்றா இரண்டா என்று விற்பனைப் பெண்ணைத் துளைத்தெடுத்தாள். அவளுக்குள் இத்தனை கேள்விகள் இருந்தது அவனுக்குத் தெரியாது.

கடைசியாக நாலு கால் மட்டும் வைத்த ஒரு மரக்கட்டில். அலங்காரம் ஒன்றும் இல்லை. தலைமாட்டில் ஒரு சாதாரணப் பலகை, கனமான பஞ்சு மெத்தை. அவள் தடவிப் பார்த்தாள். முதலிலேயே அது பிடித்துவிட்டது என்று முகம் சொன்னது. கேள்விக்குறி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் அவள் படுப்பது தெரிந்தது. நடுவில் எதுவும் இல்லாமல் அவள் இவ்வளவு பக்கத்தில் படுத்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தான்.

கொஞ்சம் கழித்து மெத்தை அவன் பக்கமாக லேசாக ஏறி இறங்கியது. மரம் ஒரு தரம் மெல்ல நெட்டி முறித்துக்கொண்டது. தரையில் அவள் கால் பதிகிற சத்தம்கூடக் கேட்டது. அவள் கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் தலைமாட்டில் நின்றாள், மூச்சு விடாமல் நின்றாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னம்மா, இன்னும் எழுந்திரிக்கலையா நீ?" என்றான்.