மூன்று முறை செத்த அஞ்சலை

அண்ணனூர் ராணிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மேட்னி ஷோ. கணவர் பாண்டியன் இருந்தவரை இருவருமாகப் போவார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு, ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து ராணி தனியாகத் தியேட்டருக்குப் போனாள். பக்கத்து வீட்டு மங்களம் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஊட்ல குந்திகினு அயுதா மட்டும் அவரு எந்திரிச்சு வந்துருவாரா?" என்று ராணி கேட்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ராணிக்கு வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில். காலர் தைப்பவள். அந்தப் பிரிவில் தியேட்டர் பக்கம் போக முடியாத பெண்கள் அதிகம். திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் ராணியிடம்தான் படம் பார்ப்பார்கள். வில்லன் வரும்போது அவள் குரல் மாறும். அழ வேண்டிய இடத்தில் சோறு ஆறிப்போகும்.

போன வருடம் ஆவடியில் அவள் பார்த்த படத்தின் நாயகன் சினிமாவுக்குக் கதை எழுதுகிறவன். அவன் லேப்டாப்பில் தட்டுவதெல்லாம் திரையில் நடக்கும். அழித்தால் ஆட்கள் பின்னோக்கி நடந்து காணாமல் போவார்கள். அவன் எழுதும் கதையில் அஞ்சலை என்று ஒருத்தி. மகளுக்கு மருந்து வாங்கப் போனவள் பஸ் மோதிச் சாகிறாள். ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நிமிடமே எழுத்தாளன், "இதுல வெயிட் இல்ல" என்று கொட்டாவி விட்டான். அஞ்சலை எழுந்து பின்னோக்கி நடந்தாள். பிறகு அவளைக் கிணற்றில் தள்ளினான். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை தீ. தியேட்டரில் பாதிப் பேர் கை தட்டினார்கள். ராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே யூடியூப் சேனலுக்காக நிவேதிதா என்ற பெண் மைக்கை நீட்டினாள்.

"படம் எப்படிம்மா இருக்கு?"

"படமா இது? பொம்பளைய மூணு தபா சாகடிச்சு, எது நல்லா கீதுன்னு நம்மளயே கேக்கறான். மொத தபா நெசமா அயுதேன். உடனே 'சும்மா சொன்னேன்'னு சிரிக்கறான். எயுத வரலன்னா எயுந்து போவணும். எயுத வரலன்றதயே ரெண்டரை மணி நேரம் காட்டுவானா?"

"புதுசா ட்ரை பண்ணியிருக்காங்கல்ல?"

"புதுசுதான். புதுசா ஏமாத்தியிருக்கான்."

மறுநாள் மதியத்துக்குள் அந்த வீடியோ காலர் பிரிவு முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வழக்கம்போல, "சரிக்கா, கதைய சொல்லு" என்று சரசா கேட்டாள். ராணி ஆரம்பித்தாள். பஸ் வரை எல்லோரும் கேட்டார்கள். கிணறு வந்ததும் சரசா குறுக்கிட்டாள்.

"இருக்கா. அவ செத்தாளா, இல்லியா?"

ராணி மேலே சொல்லப் பார்த்தாள். வாய் குழறியது. மணி அடிப்பதற்குள் பெண்கள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. படத்தின் மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் வெறுப்பானது.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மருமகள் வர்ஷா எடுத்து, முகம் மலர, "அத்தே, டைரக்டர்!" என்று நீட்டினாள்.

"அம்மா, திருமுருகன் பேசறேன். உங்க வீடியோ பார்த்தேன். உங்களுக்கு வந்த கோபம்தாம்மா எங்க வெற்றி. நீங்க கோபப்படணும்னுதான் அப்படி எழுதினோம்."

"எங்கோபத்தயும் நீதான் எயுதினியா?"

அவர் சிரித்தார். "நீங்களா இருந்தா எந்தச் சாவை வச்சிருப்பீங்க?"

"மொத சாவு. அப்புறம் அந்தப் பொண்ணு ஊட்ல தனியா கீதில்ல, அங்க போயிருப்பேன். மருந்து வர்ல. ஆத்தாளும் வர்ல. அந்தக் கொயந்த இன்னா பண்ணுச்சுன்னு நீ பாக்கவே இல்லியே? எங்கூட்டுக்காரர் போனப்போ, வேற மாதிரி வச்சிக்கலாமான்னு எவனும் வந்து கேக்கலப்பா. ஒரு தபாதான் போனாரு."

எதிர்முனையில் டொக் டொக்கென்று லேப்டாப் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னாப்பா, நான் சொல்றத எயுதிகினு கீறியா?"

"இல்லம்மா, சும்மா ஒரு குறிப்பு..."

ராணி போனை வைத்தாள்.

"மரியாதையாத்தானே பேசினார், அத்தே?" என்றாள் வர்ஷா.

"மரியாதையா பேசிகினேதான் பாக்கெட்ல கை விடுவானுங்க."

படம் ஆவடியில் ஒன்பது நாள் ஓடியது. பத்திரிகைகள் ஆகா என்று எழுதின. திருமுருகன் ஒரு பேட்டியில், "ஒரு சாதாரண அம்மாவையே இந்தப் படம் உலுக்கிவிட்டது" என்றாராம். வர்ஷா அதைப் பெருமையோடு காட்டியபோது ராணி 'சாதாரண' என்ற இடத்தில் உதட்டைச் சுழித்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் படம் வீட்டு டிவிக்கு வந்தது. வர்ஷாவின் வற்புறுத்தலுக்காக ராணியும் உட்கார்ந்தாள். எழுத்தாளனின் மனைவி ஒன்றும் பேசாமல் அவன் அறைக் கதவைச் சாத்தும் காட்சியை மட்டும், "இது ஒண்ணுதான் உருப்படி" என்றாள். பஸ் மோதியது. இந்த முறையும் அவளுக்குக் கண் கலங்கியது. எழுத்தாளன் கொட்டாவி விட வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"அதுக்குள்ள எங்க போறீங்க, அத்தே?"

"எனக்குப் படம் முடிஞ்சிது. நீ பாரு."

மொட்டை மாடிக்குப் போய், காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.