விதானையாரின் பிடரி

மண்டூருக்கு வடக்கே, வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்ன ஊரில் வினாயகமூர்த்தி ஊரதிகாரம் பார்க்கும் விதானையாராகி மூன்று வருடம். ஆள் கெட்டவரில்லை. ஆனால் வேட்டிக்கு மேலே அந்த வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் குரல் தானாக ஒரு கட்டை ஏறிவிடும். மாடு களவு போனால் விசாரிப்பது, வயல் வட்டைக்குத் தண்ணீர் விடும் சண்டையைத் தீர்ப்பது என்று எல்லாம் அவர் தலையில்தான். இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. ஊரில் யாருக்காவது குஷ்டம் என்று சந்தேகம் வந்தால் அவர் மேலே எழுதிப் போடவேண்டும். எழுதினால் வள்ளம் வரும், ஆளை ஏற்றிக்கொண்டு, குஷ்டக்காரரை ஒதுக்கி வைக்கும் மாந்தீவுக்குப் போய்விடும். போன வருடம் ஒரு மீன்பிடிகாரரை அப்படித்தான் அனுப்பினார். கரையில் நின்று அழுத அந்த மனிதரின் பெண்சாதியை அவர் நினைப்பதில்லை. நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டார்.

அப்படிப்பட்டவருக்கு வைகாசி மாதம் பிடரியில் அரிப்பு எடுத்தது.

முதலில் வேர்க்குரு என்று விட்டுவிட்டார். ஒரு கிழமையில் தோல் தடித்துச் சிவந்தது, பிறகு கொப்பளித்து நீர் வடிந்தது, காய்ந்த இடம் கறுத்தது. சொறிந்தால் சுகம், சொறிந்து முடித்தால் நெருப்பு. வழக்கு விசாரிக்கும்போதே கை பின்னால் போய்விடும். வந்தவர்கள் பார்க்கிறார்களோ என்ற நினைவு வந்ததும் அந்தக் கையால் தலையைத் தடவிச் சமாளிப்பார். ஊரில் நோயைக் கண்டுபிடித்து எழுதவேண்டியவரே கழுத்தை மறைத்துக்கொண்டு திரிந்தார் என்றால், அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது?

வைத்தியம் பார்த்த பரியாரியார் கிரந்தி என்றார். கத்தரிக்காய், இறால், சூரை எல்லாம் நின்றன. சின்னத்தங்கம், அவர் மனைவி, ஒன்றும் கேட்காமல் அவருடைய கோப்பையை மட்டும் தனியே கழுவத் தொடங்கினாள். அதைக் கண்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அரிப்புக்குக் காரணம் அழுக்காக இருக்குமோ என்று நினைத்து, கிழமைக்கு ஒரு தடவை வெளுக்கப் போட்ட கோட்டை இரண்டு தடவை போட்டார். அரிப்பு இன்னும் கூடியது.

ஆவணியில் மண்டூர்க் கந்தசுவாமியாருக்கு நேர்ந்துகொண்டு, திருவிழா இருபது நாளும் கோயிலடியிலேயே கிடந்தார். வெற்று மேலோடு, தன் கையாலே தோய்த்துக் காயப்போட்ட வேட்டியோடு இருந்தார். கட்டாடி வீட்டில் வெளுத்து வருவதைக் கோயிலுக்குக் கட்ட அவர் மனம் ஒப்பாது. பத்தாம் நாள் அரிப்பு அடங்கியது. இருபதாம் நாள் பிடரி மழமழவென்று இருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று அழுதே விட்டார். வீட்டுக்கு வந்து, புதிதாக வெளுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். மூன்றாம் நாள் பழையபடி கொப்பளம். முருகனும் கைவிட்டான் என்றால் இது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். தன் பெயரை யார் எழுதுவது என்பது ஒன்றுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஊருக்கு உடுப்பு வெளுக்கும் சீதேவிக்குக் கையில் பெருநோய், அவள் எல்லாருடைய துணியையும் தொடுகிறாள், விதானையார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டிருந்தது.

உடனே புறப்பட்டார். வாவிக்கரையில் சீதேவி துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். புருஷன் இல்லாதவள். இரண்டு பெண்பிள்ளைகள். அவரைக் கண்டதும் கைகளை ஈரத்துணிக்குள் ஒளித்துக்கொண்டாள். கையை நீட்டச் சொன்னார். இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. நீட்டினாள். விரல் இடுக்குகளில் அதே தடிப்பு, அதே கொப்பளம், அதே கறுப்பு. தன் பிடரியையே அவள் கையில் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. இவளிடமிருந்துதான் தனக்கு ஒட்டியது என்று ஆத்திரம் பொங்கிக் கத்தினார்.

சீதேவி காலில் விழவில்லை. குடிசைக்குள் போய் ஒரு சிரட்டையில் நாலைந்து கறுப்புக் கொட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இது சேங்கொட்ட ஐயா. குத்தினா வாற பாலாலதான் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் குறி போடுற. சிலபேருக்குத் தோல் பொங்கும், சிலபேருக்கு ஒண்டும் செய்யாது. எனக்குப் பொங்கும். நோய் எண்டு எழுதிருவீங்க எண்டுதான் மறைச்ச நான்.”

அவர் கோட்டைக் கழற்றிக் கழுத்துப் பட்டியின் உட்பக்கத்தைப் புரட்டினார். அங்கே மூன்று பெரிய கறுப்புப் புள்ளிகள் பிடரி படும் இடத்தில் சரியாக இருந்தன. மற்றவர்களுக்குத் துணியின் ஓரத்தில் ஒரு பொட்டுத்தான் என்றாள். போன சித்திரையில் அவருடைய கோட்டு வாத்தியார் வீட்டுக்கு மாறிப்போக, அவர் ஊர் கூடும்படி ஏசினார் அல்லவா? இனி மாறவே கூடாது என்றுதான் விதானையாருக்குப் பெரிதாக, மேலே, ஒவ்வொரு வெளுப்புக்கும் புதிதாகத் தொட்டு வைத்தாளாம்.

நம்பவேண்டும் போலிருந்தது. நம்பப் பயமாகவும் இருந்தது. இல்லையென்றால் இருவருக்கும் ஒரே வள்ளம். கடைசியில் சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை நீட்டி, இதிலே ஒரு பொட்டு வை என்றார். அவள் தயங்கித் தயங்கி வைத்தாள்.

“ரெண்டு நாள் பாக்கிறன். அதுவரைக்கும் எழுத மாட்டன்” என்றுவிட்டு, கோட்டை அவளிடமே போட்டுவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளைப்போல அவர் எந்த நாளையும் கழித்ததில்லை. நாலு மாதமாக அரிப்புப் போகவேண்டும் என்று வேண்டியவர், இப்போது அரிப்பு வரவேண்டும் என்று வேண்டினார். உட்கார்ந்தார், எழுந்தார், முற்றத்தில் நடந்தார். வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மத்தியானமும் ஒன்றுமில்லை. கடுதாசியையும் பேனாவையும் எடுத்து வெளியே வைத்தார், திரும்ப உள்ளே வைத்தார். சின்னத்தங்கம் என்ன என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

மூன்றாம் நாள் விடிய, பொட்டைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது. அரித்தது. என்ன அரிப்பு! சின்னத்தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டி, குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். நோயில்லை, தனக்குமில்லை அவளுக்குமில்லை என்று சொல்லும்போது கண் கலங்கியது. தேத்தண்ணியும் குடிக்காமல் வாவிக்கரைக்கு ஓடினார்.

சீதேவியின் குடிசை திறந்து கிடந்தது. அடுப்பில் பூனை படுத்திருந்தது. கொடியில் ஒரு துணியுமில்லை.

அடுத்த வளவு ஆச்சிப்பிள்ளை வேலிக்கு மேலால் அவரைக் கண்டுவிட்டு, ஒரு மூட்டையைத் தூக்கி வந்தாள். ஊராருடைய உடுப்பு முழுவதும் வெளுத்து, மடித்து, வீடு வீடாகப் பிரித்துக் கட்டியிருந்தது. மேலே அவருடைய கோட்டு. கழுத்துப் பட்டியைப் பிரித்து எடுத்துவிட்டு, வேறு வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தாள். அடி ஓரத்தில் நீல நூலால் ஒரு சின்னக் குறி இருந்தது.

எப்போது போனாள் என்று கேட்டார்.

“முந்தாநாள் பொழுதுபடவே பிள்ளையளக் கூட்டிட்டுத் தோணியேறிட்டாள். எங்க எண்டு சொல்லல்ல” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “விதானையார் நல்ல மனிசன், ஓடித் தப்புறதுக்கு ரெண்டு நாள் தந்தவர் எண்டு உங்கட வீட்டுப் பக்கம் பாத்துக் கும்பிட்டவள்.”

விதானையார் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி விட்டுக்கொண்டார். கை அரித்தது. அவர் சொறியவில்லை.