நம்பாதவர் கொண்டுவந்த புற்றுமண்

குருவிகுளத்திலிருந்து கிரயப் பத்திரம் எழுத வந்த ஒருவர் முத்திரைத்தாளோடு என் மேசை முன்னால் நின்றார். "எங்களுக்கு வழக்கமா அந்த அண்ணாச்சிதான் எழுதுவாவ. காலையில இறந்துட்டாவளாம். நீங்க எழுதித் தாரியளா?" என்றார். சங்கரன்கோவில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இருந்தும், அவர் போனதை வெளியூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நிலைமையை உண்டாக்கியவன் நான்தான்.

அவர் நினைவாகக் கூடியிருக்கும், அவரிடம் பத்திரம் எழுதி வாங்கிய உங்களுக்குத் தெரியும். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த ஓடை என்று நான்கு எல்லையும் விளங்காமல் பேனாவைத் திறக்கமாட்டார். சந்தேகம் வந்தால் பஸ் ஏறிப் போய்ப் புஞ்சையை நடந்து பார்த்துவிட்டு வருவார். சாமியையும் அவர் விட்டுவைக்கவில்லை. எழுபதுகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்களுக்குள் தினமும் இதே வழக்குத்தான்.

"சாமின்னா என்னவே? நாலு எல்லை சொல்லும், நம்புதேன்."

"பாதி சிவன், பாதி பெருமாள். நம்ம கோவிலுக்குள்ள போய்ப் பாருங்க அண்ணாச்சி."

"உள்ளுக்குள்ள வரப்பு போட்டுட்டிய, சரி. வெளி வரப்பு எங்கன இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை நீட்டுவார்.

என் மனைவி கோமு பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என்னால் அவளை விட்டு நகர முடியவில்லை. கோமதியம்மன் கோவில் புற்றுமண் கிடைத்தால் நோய் தீரப் பூசிவிடலாம் என்று அண்ணாச்சிக்கு ஒரு கார்டு போட்டேன். கார்டு கிடைத்த அன்றே வந்து நின்றார். புதுக் கைக்குட்டையில் மண்ணை முடிந்து வைத்திருந்தார்.

"நீங்களா கோவிலுக்குப் போனிய?"

"நான் நம்பல. நீரு நம்புதீரு. வரிசையில நிக்க அது போதாதா?"

கோமு பிழைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்தவரிடம், பத்துப் பேர் கேட்கும்படி சொன்னேன்: "நம்பாதவன் கையால வந்த மண்ணு எப்படிக் கேட்கும்?" மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பின் இரண்டு வருஷம் நான் பேசவில்லை. அவர் "என்னவே" என்று வாய் திறந்தால் நான் பத்திரத்துக்குள் குனிந்துகொள்வேன். சாமி என்றால் என்ன என்று சொல்லத் தெரியாமல் அத்தனை வருஷம் விழித்தவன், துக்க வீட்டில் ஒரே பேச்சில் சொல்லி முடித்திருந்தேன்: இன்னார் கை பட்டால் சாமி இரங்காது. நம்பாத மனுஷர்கூட அதை அவ்வளவு சிறியதாக நினைத்ததில்லை. இது எனக்கு உறைக்க அவர் சாக வேண்டியிருந்தது.

அவர் இறந்த செய்தி கேட்ட அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். அவர் மனைவி, என் மதினி, என்னைப் பார்த்ததும் அழுதபடியே சொன்னார்:

"தம்பி, கோமு போனதுலருந்து அவியளுக்கு இதே யோசனைதான். 'நம்பிக்கையுள்ள ஒருத்தர்ட்ட குடுத்து விட்டிருக்கணுமோ, என்னாலதான் அந்தப் பிள்ளை போயிட்டாளோ'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாவ. நேத்துகூடக் கேட்டாவ. நான் என்னத்தச் சொல்ல?"

மதினி சொல்லியிருக்க முடியாது. "உங்களால இல்ல அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டியவன் நான். இரண்டு வருஷமாக அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னவற்றை ஆளுக்கொன்றாக நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு 'என்னாலதானோ' என்ற அந்தக் கேள்வி போதும். அவர் தலையில் அதை ஏற்றியவன் நான். இனி அதை நானே வைத்துக்கொள்கிறேன்.